நான்காவது சுற்றில் இல்லாதவர்கள்

இருமல் குறைந்திருக்கிறது என்று அறிக்கை சொன்னது. உஷாராணி அந்த வரியை மறுபடியும் படித்தாள். காயப்போட்ட துணியை உதறினால் கரி பறக்கும் தன் தாமான் குடியிருப்பைப் பற்றித்தான் சொல்கிறார்களா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

கிள்ளானுக்கு வெளியே, பழைய டயர்களை எரித்து எண்ணெய் எடுக்கும் ஒரு ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்தது அந்தத் தாமான். ஃபேக்டரியைப் பெரிதாக்க வேண்டுமானால் சுற்றிலும் இருப்பவர்களின் உடல்நிலையை நான்கு வருடம் கவனித்துச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. வருடத்துக்கு ஒரு முறை ஒரு பெண் டேப்லெட்டோடு வீடு வீடாக வந்தாள். முதல் தடவை கேட்டில் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனாள். உஷாராணியின் கேட்டில் 117. வீட்டுக்கு ஒருவரிடம்தான் கேள்வி.

அவள் கணவர் கமலநாதன் லோரி ஓட்டுபவர். "ராத்திரி இருமல் உண்டா அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டால், "என்னைக் கேட்டா எப்படிம்மா, பக்கத்துல தூங்காம கெடக்குறாளே, அவளைக் கேளு," என்பார். மூன்றாவது வருடம் ஆக்சிஜன் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு அதே பதிலைச் சொன்னார். நான்காவது வருடம் அவள் வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. அங்கிள் இல்லையா என்று கேட்டாள், சொன்னதும் தலை குனிந்தாள், டேப்லெட்டில் எதையோ அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பதில்களெல்லாம் வந்து சேர்ந்த இடம் பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த புள்ளிவிவர ஆபீஸ். உஷாராணி அங்கேதான் வேலை பார்த்தாள். தான் அந்தத் தாமான்காரி என்பதை முதலிலேயே முதலாளி குமரப்பனிடம் சொல்லியிருந்தாள். அப்போ உங்களுக்கு ஜனங்களைத் தெரியும், நல்லதுதான் என்றார் அவர். கணவர் இறந்து விடுப்பு முடிந்து வந்தவளிடம், அறிக்கைக்காகச் சக ஊழியர் முகுந்தன் ஆர் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலைக் குமரப்பன் சரிபார்க்கக் கொடுத்தார்.

நிரலில் தப்பே இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரம். நான்கு வருடத்துக்கு நான்கு தொகுப்பு. நான்கிலும் பொதுவாக இருக்கும் எண்களை மட்டும் எடு என்று ஒரே வரி. முதல் இரண்டில் பொதுவானதை எடுத்து, அதை மூன்றாவதோடு ஒப்பிட்டு, மிஞ்சுவதை நான்காவதோடு ஒப்பிடும். அவள் அந்த ஒரு வரியைப் பிரித்து, படிப்படியாக ஓட்டினாள். ஒவ்வொரு படியிலும் 117 இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றது. இருக்கிறது என்றது. நான்காவதில் இல்லை என்றது.

மூன்று வருடம் மூச்சு வாங்க வாங்கப் பதில் சொன்ன மனுஷன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அந்த ஒரு வரி தூக்கிப் போட்டுவிட்டது. அதிகமாக இருமியவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களின் சராசரியைப் பார்த்தால் இருமல் குறையாமல் என்ன செய்யும்?

குமரப்பனிடம் போய்ச் சொன்னாள். விடுபட்டவர்களைத் தனியாக எடுத்து ஒரு பக்கம் சேர்க்கலாம், போட்டுக்கூட வைத்துவிட்டேன் என்றாள். அவர் பொறுமையாகத்தான் பேசினார். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள், வாடிக்கையாளரான ஃபேக்டரி கேட்டது இதுதான் என்றார்.

"நாலாவது தடவ பதில் வரலன்னு எடுத்துட்டீங்க பாஸ். ஏன் வரலன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

"இதுல பெர்சனலா போகாதீங்க லா உஷா."

அந்தப் பக்கம் சேர்க்கப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாமானின் பாலாய் ராயா பொதுமண்டபத்தில் கூட்டம். குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் கன்னையா, அறிக்கையை ஏற்றுக்கொண்டோம் என்று கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. குமரப்பன் திரையில் வரைபடங்களைக் காட்டிப் பேசினார். லேப்டாப்பை இயக்க உஷாராணியை உட்கார வைத்திருந்தார், உள்ளூர் முகம் ஒன்று இருக்கட்டும் என்று. இருமல் கோடு சரிவதைப் பார்த்துச் சிலர் கை தட்டினார்கள். கன்னையா பேனாவைத் திறந்தார்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க," என்றாள் உஷாராணி. "இந்தக் கணக்குல எங்க வீட்டுக்காரர் இல்ல."

அவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். முதல் வருடம் இருந்து, பொதுத் தொகுப்பில் இல்லாமல் போனவர்கள். அவர்களுடைய இருமலைக் காட்டும் கம்பம் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு உயரமாகத் திரையில் நின்றது.

வாழைப்பழம் பொரித்து விற்கும் பிசாங் கோரெங் கடை ரமணி அக்கா எழுந்தார். "என் மருமக ஆஸ்துமா புள்ளயத் தூக்கிட்டு செந்தூலுக்கே போயிட்டா. அவளும் இதுல இல்லியா?"

நான்கு தடவையும் பதில் சொன்னவர்களை மட்டும் ஒப்பிடுவதுதான் முறை என்று குமரப்பன் விளக்கினார்.

"எந்த ஊரு முறை தம்பி இது?" என்றார் ரமணி அக்கா. "புகையத் தின்னு தாங்குனவங்கள மட்டும் கூப்பிட்டு உக்கார வச்சு, எல்லாரும் சொகமா இருக்கீங்கன்னு சொல்றீங்க. அதான?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கன்னையா சிரிக்கவில்லை. அவர் அம்மாவும் போன வருடம்தான் தவறிப்போனார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்.

குமரப்பன் கேபிளைப் பிடுங்கினார். வெளியே கார் அருகில் நின்று, நாளைக்கு ஆபீசில் பேசிக்கொள்வோம் என்றார். குரலில் வேலை போகும் தொனி இருந்தது.

"வரேன் பாஸ். அந்தப் பக்கத்தை எடுத்துட்டுத்தான் வரேன்."

வீட்டுக்கு நடந்தாள். ஃபேக்டரிப் பக்கம் ரப்பர் கருகும் வாடை எழுந்துகொண்டிருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு ஓய்வில்லை. கேட்டில் ஸ்டிக்கர் மேல் கரி படிந்து எண் மங்கியிருந்தது. கருமாதி முடிந்த வாரமே சுரண்டி எடுத்துவிட நினைத்தவள் அவள். இப்போது துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தாள். விடுபட்டவர்களைப் பற்றிக் கேட்க இனி வருகிறவளுக்கு எண் தெரிய வேண்டும்.