ஆயிரமாவது வீடு

அந்த வீட்டுக் கதவில் பச்சை இலைத் தகடு மின்னியது. போன மாதம் அதைத் திருகாணி போட்டு முடுக்கியவர் சட்டசபை உறுப்பினர். பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன் இவன். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. வெட்டி எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறான்.

எரிசக்திச் சட்டம் வந்ததிலிருந்து அவனுக்கு நல்ல காலம். கூரையில் சூரியத் தகடு போட்டு, சுவரில் சந்து பொந்தெல்லாம் அடைத்தால் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் தரும். ஆனால் வீட்டில் காற்றுக் கசிவில்லை என்று உரிமம் பெற்ற சோதனையாளர் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வட்டாரத்தில் அந்தக் கையெழுத்து இவனுடையது. சட்டத்தின் கீழ் தேறிய ஆயிரமாவது வீடு இது. அதற்குத்தான் அன்று உறுப்பினர், கேமரா, கைதட்டல் எல்லாம்.

இன்று வந்தது மறுபார்வைக்கு. மாதம் ஒன்று ஆனதும் மீட்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறது சட்டம். போனோம், வந்தோம் என்கிற வேலை.

கதவைத் திறந்தவள் அந்த வீட்டு மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனாலும் சிரித்தாள். மின்கட்டணம் பாதியாகிவிட்டதாம், அக்கம்பக்கத்தார் எல்லாரும் இவன் நம்பரைக் கேட்கிறார்களாம்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். போன தடவை வாசலிலேயே வம்பிழுத்தவர் எங்கே? துறைமுகத்தில் ஆயுள் முழுக்கக் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், இவளுடைய அப்பா. “உலகத்தையே மேலேர்ந்து பாத்தவன் தம்பி நான், உன் வழுக்கை எனக்குத் தெரியாதா?” என்று முதல் சந்திப்பிலேயே வாரியவர். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டார். பாத்திரம் கழுவுவார், துணி அலசுவார், எல்லாவற்றுக்கும் வெந்நீர் வேண்டும் அவருக்கு.

“ஐயா வெளியே போயிருக்காரா?”

அவள் சிரிப்பு நின்றது. முதியோர் இல்லத்தில் சேர்த்து ஒரு வாரம் ஆகிறது என்றாள். திடீரென்று புத்தி தடுமாறிவிட்டதாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாராம். இவளை இவள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். என்ன கிழமை என்று கேட்டால் விழித்தாராம். கடைசியில் நடையில் விழுந்து கிடந்தார். வயசுக் கோளாறு, தனியே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை விட்டுவிட்டு இவள் காவலுக்கு உட்கார முடியுமா?

“உங்களுக்குக்கூட ஃபோன் பண்ணி உளறினாரே சார். வீடு மூச்சு விடல, காத்து சரியில்லன்னு. நீங்க சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது.”

அவனுக்கு ஞாபகம் வந்தது. வேறொரு வீட்டில் பரபரப்பாக நின்றபோது வந்த அழைப்பு. கிழவர் ஃபோனை மகளிடம் கொடுத்ததும் அவளிடம் சொன்னான்: வீடு பக்கா மேடம், வயசானா அப்படித்தான் தோணும், ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. சொல்லிவிட்டு, அக்கறையாகப் பேசிவிட்டோம் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

கை கழுவக் குளியலறைக்குப் போனான். விளக்கைப் போட்டான்.

சுவரில் எரிவாயு ஹீட்டர். அதற்கு மேலே காற்று வர விட்டிருந்த துளை. துளையின் மேல், நான்கு ஓரமும் அழுத்தி ஒட்டிய நீல நிற டேப்.

கிட்டே போய் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

அவன் ஒட்டிய டேப்தான். சோதனையின்போது வாசல் சட்டத்தில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை உறிஞ்சுவார்கள். அதற்கு முன்னால், வேண்டுமென்றே விட்ட துளைகளை டேப்பால் மூடுவார்கள். அப்போதுதான் வேண்டாத ஓட்டைகள் தெரியும். முடிந்ததும் டேப்பை உரித்துவிட வேண்டும். தினமும் செய்வது, தூக்கத்தில்கூடச் செய்வான். அன்று சமையலறை டேப்பை உரித்துவிட்டுக் குளியலறைக்குத் திரும்பிய நேரம் வாசலில் குரல் கேட்டது: உறுப்பினர் வந்துட்டார் சார், படத்துக்கு வாங்க. இருந்த முடியைச் சீவிக்கொண்டு ஓடினான்.

காற்றுப் போதாமல் எரியும் ஹீட்டர் வாசனையில்லாத விஷவாயுவைக் கக்கும். தலை வலிக்கும், புத்தி குழம்பும். கொஞ்சம் கூடினால் படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். மகள் காலையில் போனால் இரவுதான் வருவாள். பகல் முழுக்க, பாத்திரம் பாத்திரமாக வெந்நீர் பிடித்துக்கொண்டு, அதைச் சுவாசித்தவர் அவர் ஒருவர்தான்.

சத்தம் கேட்காமல் டேப்பை உரித்தான். சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். வெளியே வந்து, ஹீட்டரில் சின்னப் பழுது, மெக்கானிக் பார்க்கும்வரை போடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றான். பொய்யில்லை. உண்மையும் இல்லை.

“நீங்க வந்தது நல்லதாப் போச்சு சார்” என்றாள் அவள்.

தெருமுனையில் நின்று மைத்துனனைக் கூப்பிட்டான். சந்து அடைக்கும் வேலையெல்லாம் மைத்துனனுடையது, சோதனை இவனுடையது. விஷயத்தைச் சொன்னான்.

“டேப்பை எடுத்துட்டீங்கல்ல மாமா?”

“எடுத்துட்டேன்.”

“அப்புறம் என்ன? வாயை மூடிக்கிட்டு வாங்க. உங்க உரிமம் போச்சுன்னா என் பொழப்பும் சேர்ந்து போகும். அக்காகிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்.”

மைத்துனன் சொன்னதில் தப்பில்லை. உயிருக்கு ஆபத்து விளைவித்த சோதனையாளரின் உரிமத்தைப் பறிக்கச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. ஆபத்தும் இப்போது நீங்கிவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை. பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கப் பையில் கைவிட்டான். டேப் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டான்.

முதியோர் இல்லத்தின் நர்ஸ் சந்தோஷமாகப் பேசினாள். வந்த அன்று தேதிகூடத் தெரியாதவர், இப்போது சமையல்காரருக்கே கணக்குச் சொல்லித் தருகிறாராம். மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, இதே மருந்தைத் தொடர வேண்டும் என்றாள். அவன் தலையாட்டினான். இங்கேயும் உண்மை தானாக வெளியே வரப்போவதில்லை.

கிரேன்காரர் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இவனைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்றார். வழுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தான். அவர் சொல்லவில்லை.

“தம்பி, அன்னைக்கு ஃபோன்ல உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க. எனக்கு மூளை கழண்டு போச்சு, என்ன பேசறோம்னு தெரியாமப் பேசிட்டேன்.”

கேலியில்லை. நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார். நீ, வா, போ என்று பேசியவர், இப்போது ‘கங்க’ போடுகிறார்.

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். பையிலிருந்து டேப்பை எடுத்து அவர் முன்னால் போர்வையில் வைத்தான். ஹீட்டர், துளை, படம் எடுக்க ஓடியது, ஃபோனில் மகளிடம் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னான். எங்கேயும் குறைத்துச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கிழவர் டேப்பை எடுத்து முழங்காலில் வைத்து நீவினார்.

“அப்போ நான் சொன்னது சரி.”

“சரிங்க ஐயா.”

“காத்து வரல.”

“வரல.”

“கிழமை தெரியாம முழிச்சேனே, அது நான் இல்ல.”

“நீங்க இல்ல ஐயா. நான்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கன்னம் துடித்தது. அடித்துவிடுவார் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“என் பொண்ணுக்கு ஃபோன் போடு. நீ சொல்லு. நான் சொன்னா மாத்திரையைக் கூட்டச் சொல்லுவா.”

போட்டான். மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“வர மாட்டேன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டார் சார்” என்றாள் அவள் மெல்ல. “நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்துவிட்டேன்.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை. இப்போது அவள் தலையிலும் ஏறிவிட்டது.

கிழவர் ஃபோனை வாங்கி, “அழாம வா. வர்றப்ப என் செருப்பை எடுத்துட்டு வா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

அவன் எழுந்தான். உரிமம் தந்த அலுவலகத்துக்குப் போய் அதிகாரியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றான். உரிமத்தைக் கொடுத்துவிடுகிறேன், நான் பார்த்த மற்ற வீடுகளிலும் இன்றே துளைகளைச் சோதிக்கச் சொல்கிறேன் என்றான்.

“அதை இங்கேர்ந்தே ஃபோன்ல சொல்லு. அப்புறம் உட்காரு.”

“ஐயா...”

“அவ வாசல்ல வந்து நிக்கிறப்ப அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தனியாப் பாக்க என்னால ஆகாது. நீயும் பாரு.”

அவன் அலுவலகத்தைக் கூப்பிட்டுச் சொன்னான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்தான்.