லீலாவின் தோட்டாக்கள்

டெக்சாஸில் கடையில் டிரைவிங் லைசென்ஸைக் காட்டியதும் என் கணவர் ஏசுராஜிடம் மான் வேட்டைத் துப்பாக்கியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. படித்த எனக்கு மட்டும் கிரீன் கார்டு வரும்வரை வேலை பார்க்க அனுமதி கிடையாது. 1984இல் எங்கள் நிலைமை இதுதான்.

சும்மா இருக்கப் பிடிக்காமல் வீட்டிலேயே தோட்டா போடக் கற்றுக்கொண்டேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் பிரைமர் என்கிற சின்ன மூடியைப் பதித்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டை இறுக்க வேண்டும். துப்பாக்கியின் ஊசி பிரைமரை ஓங்கிக் குத்தினால்தான் மருந்து பற்றும். கராஜ் மேசையில் அதற்கான பிரஸ் என்கிற கைப்பிடி வைத்த அழுத்து இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டேன். அங்கே உட்காரும்போதுதான் நானும் படித்தவள் என்ற நினைப்பே எனக்கு வரும்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, சர்ச் நண்பர் சாந்தகுமாரோடு விடியற்காலையில் வேட்டைக்குப் போன மனுஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"மான் கண்ணெதிர்ல நிக்குது. ட்ரிக்கர இழுத்தா 'டிக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். போட்ட தோட்டா ஒண்ணுகூட வெடிக்கல. நீ பிரைமர ஒழுங்கா அழுத்தல லீலா, பனி உள்ள போயிடுச்சு."

மறுநாள் பூசை முடிந்ததும் சாந்தகுமாரின் மனைவி அல்போன்சா எல்லார் முன்னிலையிலும் கேட்டாள்: "என்ன லீலா, சாம்பாருக்கு உப்பு மறக்கற மாதிரி தோட்டாவுக்கு மருந்து மறந்துட்டியாமே?"

வீட்டுக்கு வந்ததும் ஏசுராஜ், "பிரஸ்ஸ வித்துடலாம். கடைத் தோட்டாவே வாங்கிக்கறேன்" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

வெடிக்காத தோட்டாக்களை அவரிடமிருந்து வாங்கிப் பார்த்தேன். பிரைமர்கள் கச்சிதமாகத்தான் உட்கார்ந்திருந்தன. ஆனால் ஊசி குத்திய தடம் ஒப்புக்குத்தான் இருந்தது. அன்று மத்தியானமே அவரைத் துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில். அதே தோட்டாக்கள் எல்லாம் ஒழுங்காக வெடித்தன.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"வெயில்ல காஞ்சிருக்கும்" என்றார். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

திங்கட்கிழமை காலை நல்ல குளிர். "லீலா, எண்ணெய் உறைஞ்சுபோச்சு, வெந்நீர்ல வையேன்" என்று பாத்ரூமிலிருந்து குரல் வந்தது. பாட்டிலை வெந்நீரில் இறக்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். மனுஷன் நாகர்கோவில்காரர். தலைக்கு, மீன் குழம்புக்கு, கதவுக் கீலுக்கு, எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய்தான்.

"துப்பாக்கிக்கு என்ன எண்ணெய் போட்டீங்க?"

பாத்ரூம் கதவு லேசாகத் திறந்து, தலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"கன் ஆயில் தீந்துடுச்சு... எண்ணெய் எண்ணெய்தானேன்னு..."

இரவெல்லாம் குளிரில் கராஜில் கிடந்த துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தோம். ஊசியையும் ஸ்ப்ரிங்கையும் சுற்றி வெள்ளை வெளேரென்று எண்ணெய் அப்பியிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு ஊசி எங்கே ஓங்கிக் குத்துவது? வெயிலில் உருகியதும் வேலை செய்திருக்கிறது.

துடைத்துக்கொண்டே கெஞ்சினார். "சர்ச்ல சொல்லிடாத லீலா. மானம் போயிடும்."

"என் மானம் போனது பரவாயில்லையா?"

அவர் குனிந்து, துடைத்த ஊசியையே திரும்பவும் துடைத்தார்.

அடுத்த சனிக்கிழமை என் தோட்டாவோடு போய் மானோடு திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை அல்போன்சா விடவில்லை. "இந்தத் தடவை கடைத் தோட்டாவா அண்ணா?"

நான் அவரையே பார்த்தேன். அவர் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார்.

"லீலா போட்டதுதான். போன வாரமும் தோட்டா நல்லாதான் இருந்துச்சு. நான்தான் துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய் போட்டு உறைய வச்சுட்டேன். தப்பு என்னுது."

சர்ச் வாசலே சிரித்தது. அவருக்குக் காது சிவந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவர் மேல் அவ்வளவு பிரியம் எனக்கு வந்ததில்லை.

"அப்ப எனக்கும் ஒரு பெட்டி போட்டுத் தாங்க சிஸ்டர்" என்றார் சாந்தகுமார்.

"தாராளமா. அல்போன்சாவையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். "உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லட்டும்."