அகீலா வரும் வரை

பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும்போது லத்தீப் வேலியோரம் நின்று, ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தான்.

"எவடத்த வாறீங்க இப்ப?"

"நொச்சியாகமத்துக்குக் கிட்ட, காக்கா," என்றாள் தம்பியின் மனைவியாக இருந்த நஸ்லியா. "ரோட்டு வேல செய்றாங்க, வேன் நகருதில்ல. பிள்ள வயித்தப் பிரட்டி வழி நெடுக சத்தி எடுக்கிறா."

நொச்சியாகமத்திலிருந்து புத்தளம். அங்கிருந்து பாலாவி, பிறகு இந்த எத்தாளை. பொழுது பட்டு மஃரிபு ஆவதற்கு முன் வந்து சேர்ந்தால் பெரிய காரியம். கடலோரமாக வடக்கே போனால் அவளிருக்கும் சிலாவத்துறை அவ்வளவு தூரமில்லை. காட்டுக்குள்ளால் போகிற பாதையை மூடிவிட்டதால் அநுராதபுரத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. மகளைப் பார்க்க மாதம் தவறாமல் தம்பி ஸப்வான் சுற்றிய சுற்றும் இதுதான்.

அந்த ஸப்வான் இப்போது முன்னறையில் வெள்ளைக் கபன் துணிக்குள் கிடந்தான். நேற்றுப் பகல் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு அடங்கிவிட்டது. மரண விசாரணை முடிந்து இன்று காலையில்தான் மய்யித்தைத் தந்தார்கள். நஸ்லியாவின் புதிய போன் நம்பர் இந்த வீட்டில் ஒருவரிடமும் இருக்கவில்லை. அவளுடைய உறவுக்காரன் முஆஸைத் தேடிப் பிடித்து அதை வாங்கும்போது வெயில் ஏறிவிட்டது. நடுப்பகல் ளுஹருக்கு வைத்திருந்த அடக்கத்தை லத்தீப் மன்றாடி அஸருக்குத் தள்ளினான்.

நஸ்லியா பிறந்தது புத்தளத்துப் பக்கம், தில்லையடியில். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பம். ஸப்வானுடன் விவாகரத்தான கையோடு அவளுடைய கூடப்பிறந்த நானாமார் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவளும் போவதாகச் சொன்னாள். வழக்கு காதி கோட்டுக்குப் போனது. "பிள்ளைய இவ்வளவு தூரம் கொண்டு போக வேணாம்" என்பதையே ஸப்வான் திரும்பத் திரும்பச் சொன்னான். அவங்க சொந்த ஊருக்குத்தானே போறாங்க, அதை எப்படித் தடுக்கிறது என்று கேட்டார் காதியார். பிள்ளை உம்மாவோடு, லீவுக்கு வாப்பாவிடம் என்று முடிந்தது.

முதல் லீவுக்கு வந்த அகீலாவை ஸப்வான் சொன்ன நாளில் திருப்பிக் கொண்டுபோய் விடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டுமா என்று பிள்ளை கேட்டாளாம். அங்கே நஸ்லியா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாளாம். அதற்குப் பிறகு லீவும் இல்லை, போனும் இல்லை.

கடைசியாகச் சிலாவத்துறைக்குப் போனபோது லத்தீப்பும் கூடப் போனான். கேட் பூட்டியிருந்தது. ஜன்னலில் அகீலா நின்றாள். கை காட்டவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். திரும்பி வரும்போது மதவாச்சி தாண்டியதும், "வளந்திட்டா, என்ன காக்கா?" என்றான் ஸப்வான். அவ்வளவுதான்.

"லத்தீப்." பள்ளிவாசல் தலைவர் மக்பூல் ஹாஜியார் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன சொல்றாங்க?"

"மஃரிபாகும் ஹாஜி."

"ஒங்கட முடிவுதான். நான் ஒண்டும் சொல்லல்ல."

உள்ளேயிருந்து லத்தீப்பின் மனைவி றுக்கியா வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். "இனி வெச்சிருக்க ஏலாது," என்றாள் தணிந்த குரலில். "பஞ்சு ரெண்டு தரம் மாத்தியாச்சு. பிள்ள வந்து இந்த முகத்தையா பாக்கோணும்?"

லத்தீப் போனைப் பார்த்தான். நஸ்லியாவுக்குத் திரும்ப அழைப்பு எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

"தூக்குங்க," என்றான்.

மய்யித்தை வைத்த சந்தூக்கின் முன் கொம்பை அவனே தோளில் ஏற்றினான். தம்பி இவ்வளவு பாரமாக இருப்பான் என்று நினைத்திருக்கவில்லை.

மையவாடியில் தம்பியை அடக்கிவிட்டு வந்து, கை கால் கழுவி, மஃரிபும் தொழுத பிறகுதான் வேன் வந்தது. கதவு திறந்ததும் அகீலா குதித்தாள். பத்து வயதுப் பிள்ளை. சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே ஓடினாள். முன்னறையைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத் தரையில் வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நஸ்லியா வேலிப் படலைக்கு உள்ளே வரவில்லை.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே, காக்கா."

"ஏலாமப் போச்சு."

"நான் வேணுமெண்டு சுணங்கல்ல. அல்லா சாட்சி."

"ஆரும் அப்பிடிச் சொல்லல்லயே."

அவள் வேனில் சாய்ந்தபடி அப்படியே வழுகி நிலத்தில் உட்கார்ந்தாள். வாயில் சீலையைத் திணித்துக்கொண்டாள். றுக்கியா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை. லத்தீப்புக்கு அவளைத் திட்ட வேண்டும் போலிருந்தது. அவளோடு சேர்ந்து கத்தி அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அகீலா வெளியே வந்தாள்.

"பெரிய வாப்பா, வாப்பா எங்க?"

அவன் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன.

மையவாடிக்கு வெளிச்சம் இல்லை. மேற்கே கடலுக்கு மேல் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. புதிய கபுறில் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. அகீலா அழவில்லை. மண்மேட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"தல எந்தப் பக்கம்?"

"இஞ்சால, மகள்."

"முகம்?"

அவன் மேற்கே கையைக் காட்டினான்.

"கிப்லாவப் பாத்து. கடல் பக்கம்."

அவள் அவனுடைய கையை விட்டாள். மண்ணை மிதிக்காமல், கால்மாட்டைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். சட்டையை முழங்கால் மூட இழுத்துவிட்டுக்கொண்டு, கடலுக்கு முதுகு காட்டி, மேட்டுக்கு நேரே குந்தினாள்.