வாய்தாவுக்குக் கட்டிய பட்டு

கோர்ட்டுக் கழிப்பறைக் கதவில் பூட்டு தொங்கியது. சந்திரிகா துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவைப் பார்த்தாள். பைக்குள் நூல் புடவை இருந்தது. வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். இப்போது அவள் மேல் இருந்தது அரக்கு நிறப் பட்டு. தலையில் மல்லிகை.

எல்லாம் கணவன் பாலு செய்த வேலை. கோவிலம்பாக்கத்தில் பக்கத்து வீட்டு சின்மயி டீச்சர் எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்பாள் என்று பயந்து, காஞ்சிபுரத்தில் ஒரு உறவுக்காரக் கல்யாணம் என்று முந்தின நாளே அவளிடம் சொல்லிவைத்துவிட்டான்.

"மஞ்சக் கடுதாசி குடுத்தவ புருஷன்னு என்னைக் காட்டுவாங்க. நான் வரல, நீ போ" என்றான். பிறகு அவனே பீரோவிலிருந்து பட்டை எடுத்துக் கட்டிலில் போட்டான். காலையில் பூ கொடுத்தனுப்பியது டீச்சர்தான்.

வக்கீல் விஷ்ணுப்ரியா படியேறி வந்தாள். புடவையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, என்னது இது?"

"மாத்திக்கலாம்னு வந்தேன். பூட்டியிருக்கு. சாவி வச்சிருக்கறவங்க இன்னும் வரலியாம்."

"கடன் கட்ட வழியே இல்லைன்னு மனு போட்டிருக்கோம். எதிர்ல இதைத்தான் பிடிச்சுப்பாங்க. ஜட்ஜம்மா நம்பலைன்னா தள்ளுபடி. அப்புறம் ஃபைனான்ஸ் ஆளுங்க தினம் உங்க கேட்ல பைக்கைப் போட்டு உட்கார்றதை என்னால நிறுத்த முடியாது."

சந்திரிகா பூவைப் பிய்த்துப் பைக்குள் போட்டாள். கை ஈரமாகியிருந்தது.

படப்பைக்கு அப்பால் ஷ்யாம்சுந்தரின் தொழிற்சாலைக்கு அவள்தான் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். பில் பாக்கி நின்றது. கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் என்றார்கள். ஆட்கள் பட்டினி கிடக்கக் கூடாதென்று கடன் வாங்கி உலை வைத்தாள். ஒரு நாள் கேட்டைப் பூட்டி, கம்பெனி திவால் என்று சொல்லிவிட்டார்கள். ஷ்யாம்சுந்தர் வீட்டு வாசலில் யாரும் போய் உட்காரவில்லை.

"இன்னாம்மா சந்திரிகா, எனக்கு நாமம், உனக்குப் பட்டா?"

அரிசி மண்டி அரிகிருஷ்ணன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தார்.

"மூட்டை மூட்டையா அனுப்பினேன். முடியலண்ணேன்னு நேர்ல வந்து ஒரு வார்த்தை சொன்னியா? தபால்ல நோட்டீஸ் வருது. எம் பொண்டாட்டி படிச்சிட்டு, இன்னாய்யா இதுன்னு கேக்கறா."

"வந்தேண்ணே. கடை வாசல் வரைக்கும் வந்தேன். ஆளுங்க நின்னுட்டிருந்தாங்க. திரும்பிட்டேன்."

"வெக்கமா?"

"ஆமாண்ணே."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டவாலி வாசலுக்கு வந்து கூப்பிட்டார். "சந்திரிகா…"

வராந்தா மொத்தமும் திரும்பியது. படிக்கட்டு பக்கத்தில்தான் இருந்தது. இறங்கினால் தெரு, தெருவில் பஸ்.

"சந்திரிகா…"

மூன்றாவது முறைக்குள் போகாவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

"சந்திரிகா…"

"இருக்கேன்" என்றாள். பட்டு சரசரக்க உள்ளே போனாள். பின்னால் வந்த அரிகிருஷ்ணன் வாசலில் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அவருடைய வக்கீல் நீட்டி முழக்கவில்லை. "மனுதாரரைப் பாருங்கம்மா. கட்டியிருக்கற புடவையே சொல்லுது" என்று உட்கார்ந்துவிட்டார்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா?"

விஷ்ணுப்ரியா எழுவதற்குள் சந்திரிகா பேசத் தொடங்கியிருந்தாள்.

"கல்யாணத்துக்குப் போறேன்னு பக்கத்து வீட்ல பொய் சொல்லிட்டு வந்தேம்மா. கோர்ட்டுக்குன்னு சொல்ல வெக்கம். மாத்துப் புடவை பையில இருக்கு, மாத்த எடமில்ல. இது என் கல்யாணத்துக்கு எங்கம்மா எடுத்தது. வேணும்னா இதையும் சொத்துல எழுதிக்குங்க. கடன் நான்தான் வாங்கினேன். என்னால கட்ட முடியல."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பி, சிரித்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தம் அடங்கியது.

"கட்டின துணியை யாரும் எழுத மாட்டாங்கம்மா" என்றார் நீதிபதி. ஏதோ எழுதினார். பேனா சத்தம் கேட்டது. "ஆட்சேபணை இருந்தா அடுத்த வாய்தாவுல சொல்லுங்க. அதுவரைக்கும் இவங்க வீட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது."

வெளியே வந்ததும் போனைப் பார்த்தாள். பொண்ணு மாப்பிள்ளை போட்டோ அனுப்பச் சொல்லி டீச்சர் கேட்டிருந்தாள். 'கல்யாணம் இல்ல டீச்சர். கடன் விஷயமா கோர்ட்டுக்கு வந்தேன். வந்து சொல்றேன்' என்று எழுதினாள். அனுப்பிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

அரிகிருஷ்ணன் மறுபடி வேட்டியை மடித்துக் கட்டியபடி படியில் வந்து நின்றார்.

"கோர்ட்டு சொல்லிட்டாங்க, நான் வூட்டுப் பக்கம் வரமாட்டேன். ஆனா ஒண்ணு. இனிமே எந்த மண்டியிலயும் உனக்கு ஒரு பிடி அரிசி கடனுக்குக் கெடைக்காது. ஊர் பூரா தெரிஞ்சுபோச்சு."

"தெரியட்டும்ணே" என்றாள் சந்திரிகா.

அவர் பதில் சொல்வதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர், மடித்த வேட்டியை அவசரமாக இறக்கிவிட்டார்.

"சொல்லுங்க ஷ்யாம் சார்… புது கம்பெனி போர்டு பாத்தேன் சார், மேடம் பேர்ல… சூப்பரா கீது. அரிசி இன்னிக்கே ஏத்திடறேன்… ஐயோ, துட்டுக்கு இன்னா சார் அவசரம்? உங்களுக்கு எப்போ தோதுபடுதோ அப்போ குடுங்க."

வேட்டியின் கரை படிப் புழுதியில் புரண்டது. அவர் குனிந்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்தார்.