வெள்ளைச்சாமி மேல் ஓடிய தேர்

1

இந்தக் கதை, நன்றி சொல்ல வராத ஒருத்தியால் வந்தது. பெயர் சுகுணா. பொன்னமராவதியில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறாள். போன மாதம் போன் பண்ணினாள்.

"பரிமளாக்கா, நம்ம குரூப்புக்கு ஒரு நன்றி எழுதணும். எனக்கு 'அனைவருக்கும் நன்றி'க்கு மேல வரமாட்டேங்குது. நீங்கதான் கதையெல்லாம் எழுதுறீங்களே, ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

விராலிமலையில் ஹைவே ஓரத்தில் எங்கள் டயர் கடை. வண்டி வராத நேரத்தில் கல்லாவில் உட்கார்ந்து கதை எழுதுவேன். ஒரு பக்கம்தானே, ஒரு டீக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கிழித்தேன்!

(குரூப் என்பது வாட்ஸ்அப்பில் 'முப்பத்தாறு'. ஒரு ஃபிலிம் ரோலில் முப்பத்தாறு படம், அதனால் அந்தப் பெயர். பழைய ஃபிலிம் கேமராப் பைத்தியங்கள் கூடும் இடம். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் குறைவு. என் ஷட்டர் சிக்கியபோது எவரோ ஒருவர் ஓசூரிலிருந்து வீடியோ காலில் அரை நாள் உட்கார்ந்து சரிசெய்ய வைத்தார்.)

2

முதல் தொடக்கம்: 'விதவையான சுகுணா ஜன்னலோரம் நின்று வானத்தை'—

அவளுக்கே அனுப்பினேன். "எங்க ஜன்னலுக்கிட்ட பிரிட்ஜ் இருக்குக்கா, நிக்க எடமில்ல. அப்புறம், விதவைன்னு ஆரம்பிக்காதீங்க" என்றாள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'தொழில்நுட்பம் மனிதர்களை இணைக்கும் இக்காலத்தில்'—

இதை நானே அடித்தேன். பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு ஆகும்.

சரி, பிரிட்ஜிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

3

ஃபிலிம் கெடாமல் இருக்க நாங்கள் பிரிட்ஜில் வைப்போம். சுகுணா வீட்டில் முட்டை வைக்கிற தட்டில் ரோல்கள் இருந்தன.

எங்கள் குரூப்பில் ஒரு விளையாட்டு உண்டு. ஒருத்தர் ஒரு ரோல் முழுக்கப் படம் எடுத்து, திருப்பிச் சுற்றி, நுனியை மட்டும் வெளியே நீட்ட விட்டு இன்னொருத்தருக்குத் தபாலில் அனுப்புவார். நுனிக்கு நாக்கு என்று பெயர். வாங்கியவர் அந்தப் படங்களுக்கு மேலேயே தன் ஊரை எடுப்பார். கழுவிப் பார்த்தால் ஒருவர் அடுப்படியில் இன்னொருவர் ஊர் ஏரி கிடக்கும். மற்ற இடங்களில் நாக்கு வெளியே இருந்தால் புது ரோல் என்று அர்த்தம். எங்களிடம் அதை நம்ப முடியாது. அதனால் எடுத்து முடித்த ரோல் மேல் மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவோம்.

சுகுணாவின் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். கடைசியாக லீவில் வந்திருந்தபோது அவரை ஒரு ரோல் முழுக்க எடுத்தாள். போனில் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"போன்ல நூத்துக்கணக்குல கெடக்குக்கா. எல்லாம் மஸ்கட் ரூமு, பின்னாடி இரும்புக் கட்டிலு. வீட்டுல இருந்த மனுசன் இந்த ஒரு ரோல்லதான்."

கை பழக்கத்தில் நாக்கை வெளியே விட்டுச் சுற்றிவிட்டாள். யாருக்கும் அனுப்பப்போவதில்லையே என்று குறி போடவில்லை. புது ரோல்களோடு பிரிட்ஜில் வைத்தாள்.

லீவு முடிந்து போனவர் திரும்பி வரவில்லை. வேலை செய்த இடத்திலேயே நெஞ்சுவலி. பெட்டியில்தான் வந்தார்.

காரியமெல்லாம் முடிந்தபின், இதுதான் அந்த ரோல் என்று ஒன்றை எடுத்துப் பீரோவில் அவர் சட்டைக்குள் வைத்தாள். இனிமேல் நமக்கெதுக்கு இந்தப் பொழப்பு என்று கேமராவையும் மிச்ச ரோல்களையும் குரூப்புக்குப் புதிதாக வந்திருந்த ஆவூர் ஷர்லி டீச்சருக்கு அனுப்பிவிட்டு, குரூப்பைவிட்டும் போய்விட்டாள்.

கொஞ்ச காலம் கழித்து மனசு கேட்காமல், பீரோ ரோலைத் திருச்சிக்கு அனுப்பினாள். அங்கே அருள்மணி அண்ணன்தான் எங்கள் எல்லோருக்கும் ஃபிலிம் கழுவித் தருகிறவர். அவர் போன் பண்ணினார்.

"தங்கச்சி, இது புது ரோலும்மா. ஒண்ணுமே எடுக்கல." கூடவே, "ஷர்லி ரோலும் வந்துச்சு. ஆவூர்த் தேர எடுத்திருக்கு. தேருக்குள்ள கைலியோட ஒரு ஆளு நிக்கிறாரு. ஒங்க வீட்டுக்காரரான்னு பாரும்மா."

4

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லி கிடைத்தால் வசதி. ஷர்லியைக் கொஞ்சம் அலட்சியக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் நெகட்டிவை எடுத்துக்கொண்டு மறுநாளே பஸ் ஏறிப் பொன்னமராவதி போனவள். வாசலிலேயே, "அவர் மேலயே எடுத்துட்டேனே சுகுணா, மனுசர் மேலயே எடுத்துட்டேனே" என்று அழுதாளாம். கடைசியில் சுகுணாதான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துத் தேற்றினாளாம்.

அவளை அப்படியே விட்டுவிட்டேன்.

5

நன்றி எழுத வேண்டிய இடம் இதுதான்.

குரூப்பைவிட்டுப் போன ஒருத்திக்காகக் குரூப்பே உட்கார்ந்தது. நெகட்டிவை ஸ்கேன் பண்ணி, தேருக்கு அடியில் வெள்ளைச்சாமியைத் தேட ஆளுக்குக் கொஞ்சம் படங்களாகப் பிரித்துக்கொண்டார்கள். கோயிலின் வெள்ளைச் சுவர் விழுந்த இடத்தில் வெள்ளைச்சாமி அழிந்துபோயிருந்தார். ஷர்லியின் படம் இருட்டாக இருந்த இடத்தில் மட்டும் பிழைத்திருந்தார். ஒன்றில் முதுகு கிடைத்தது, ஒன்றில் முருங்கைக்காய் பறிக்கிற கை. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் "சுகுணாக்காட்ட காட்டுங்க, சுகுணாக்காட்ட காட்டுங்க" என்று எனக்கு அனுப்புவார்கள். முகம் ஒரே ஒரு படத்தில், தேரை ஒட்டிய மரங்களின் கறுப்பில் இருந்தது.

அன்றைக்கு அவளை மறுபடி குரூப்பில் சேர்த்தோம். உள்ளே வந்து, 'அனைவருக்கும் நன்றி' என்று போட்டாள்.

(இதற்கு மேல் நான் எழுதியதெல்லாம் இதைவிட மட்டமாக இருந்ததால் அடித்துவிட்டேன்.)

6

முடிவு. மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் சுகுணா திரும்பக் கேமராவைத் தூக்குகிறாள். பொய், கேமரா ஆவூரிலேயேதான் இருக்கிறது. இன்னொன்றில், "எல்லாம் மறந்துபோச்சுக்கா" என்கிறாள். படிக்கக் கொடுத்தால் என்னை உதைப்பாள்.

மூன்றாவது, நடந்தது. குரூப்பில் சூர்யபிரகாஷ் என்று ஒரு தம்பி, கம்ப்யூட்டர் கெட்டிக்காரன். அந்த முகத்தைப் பெரிதாக்கிப் போட்டு எழுதினான்: "அக்கா, தேர் தெளிவா இருக்கு. அண்ணன் மட்டும் ஆடியிருக்காரு. நீங்க எடுக்கும்போது கை ஆடியிருக்கு. சரி பண்ணிரவா?"

அவள் அவனுக்குப் பதில் போடவில்லை. என்னைக் கூப்பிட்டாள்.

"சரி பண்ண வேணாம்னு சொல்லுங்கக்கா. எனக்குக் கை ஆடாது. ஒரு படம் ஆடியிருக்கா இதுவரைக்கும்? வாயத் தொறந்து என்னமோ சொல்றாரு பாருங்க. நான் சிரிச்சிருக்கேன். சிரிச்சுக்கிட்டேதான் எடுத்திருக்கேன்."

"என்ன சொன்னாரு?"



"அது மட்டும் வரமாட்டேங்குதுக்கா. எவ்வளவோ யோசிச்சுட்டேன். நீங்க என்னமாச்சும் எழுதுங்களேன்."

எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும், "அவரு இப்படிப் பேச மாட்டாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். எனக்கு அவரைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதுதான். ஆனாலும் உங்கள் வீட்டில் எவராவது, நீங்கள் படம் எடுக்கும்போது, கை ஆடும்படி எதையாவது சொல்லியிருப்பார்கள். அது இன்னும் ஞாபகம் இருந்தால் இந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள்:

"                                        "