கறுப்பாக வர வேண்டிய ஸ்லைடு

அந்த நாள்களில் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் வாரம் ஒருவர் இரத்தம் கொடுக்க வேண்டும். நோயாளியின் இரத்தத்தில் சொந்த உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு எங்களுடையது. ஸ்லைடில் இருக்கும் செல்கள் மேல், இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரான சீரத்தை விட்டு, ஈரத்துணி விரித்த டப்பாவில் அரை மணி நேரம் மூடிவைத்து, கழுவி, ஒளிரும் சாயம் சேர்த்து, இருட்டறை மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். பச்சையாக ஒளிர்ந்தால் எதிர்ப்பொருள் இருக்கிறது. கூடவே நோயில்லாத ஒருவரின் சீரத்தையும் வைப்போம். அது கறுப்பாக வந்தால்தான் மற்றவற்றை நம்பலாம். அந்த நோயில்லாத ஆள் முறைவைத்து நாங்கள்தான்.

அடுத்தவர் கையில் குத்துவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. என் பக்கம் ஊசி நீண்டால் மட்டும் கண் இருட்டிக்கொண்டு வரும். முதல் முறை நாற்காலியோடு விழுந்தேன். அப்புறம் என் முறை வரும்போதெல்லாம் அக்காவிடம் போய் நின்றேன்.

அக்கா நீச்சல் சொல்லிக்கொடுப்பவள். காலையில் குளத்துக்குக் கிளம்பும் முன் சமையலறை மேஜையில் கையை நீட்டுவாள். எப்போதும் அவள்மேல் குளோரின் வாசனை இருக்கும். "சீக்கிரம் உறிஞ்சுடி கொசு, பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உரக்கப் பாட ஆரம்பிப்பாள். ஒரு வரிகூட ஒழுங்காக இருக்காது. குழாயில் என் எண்ணை எழுதி எடுத்துப்போவேன். இப்போதும் எங்காவது குளோரின் வாசனை வந்தால் எனக்கு அந்தச் சமையலறைதான் ஞாபகம் வருகிறது. எவ்வளவு நல்ல காலைகள் அவை!

நான்காவது முறை அந்த ஸ்லைடு ஒளிர்ந்தது. லேசாக அல்ல, ஒவ்வொரு செல்லின் நடுவிலும் பளீரென்று.

எங்கள் பிரிவுத் தலைவியைக் கறார் அம்மா என்போம். எட்டிப் பார்த்தவர் என்மேல் எரிந்து விழுந்தார். "நார்மல் இப்படியா வரும்? நோயாளி சீரத்தைக் கலந்து தொலைச்சிருக்கே. எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி பண்ணு. உன் இரத்தத்தை நானே எடுக்கறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன். என் சீரம் கறுப்பாக வந்தது. "பாத்தியா? கை சுத்தமா இருந்தா சரியா வருது" என்றார். அது என் அக்காவின் இரத்தம் என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். கையைத்தான் சரியாகக் கழுவவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் செய்தேன், அதுதான் வெட்கக்கேடு.

மூன்று வருடம் கழித்து அக்காவின் கன்னங்கள் சிவந்தன. வெயில் என்றாள். விரல் மூட்டுகள் வலித்தன. தண்ணீரிலேயே கிடப்பதால் என்றாள். கால் வீங்கியபோது சிறுநீரகம் பாதி கெட்டிருந்தது. அவளுடைய சீரம் என் மேஜைக்கே வந்தது. அதே பச்சை. உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் லூப்பஸ்.

அதன்பின் வெறிபிடித்தவள் மாதிரி படித்தேன். கிருமி நுழைந்தால் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற மூலக்கூறை வெளியே விடும். காவல்காரன் ஊதும் விசில் அது. ஆபத்து போனதும் அடங்க வேண்டும். லூப்பஸில் அடங்குவதில்லை. விசில் கேட்கக் கேட்க, சாக வேண்டிய தறுதலை பி செல்கள் என்ற வெள்ளணுக்களைச் சாகவிடாமல் ஊட்டி வளர்க்க வேறு மூலக்கூறுகள் வந்துவிடும். அந்த பி செல்கள் சொந்தச் செல்லின் கருவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் செய்து தள்ளும். அது போய் ஒட்டியதும் மறுபடி விசில். செக்குமாடு மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். நோய் தெரிவதற்குப் பல வருடம் முன்பே எதிர்ப்பொருள் வந்துவிடலாம் என்றும் படித்தேன். அப்படியென்றால் அந்த ஸ்லைடில் தப்பே இல்லை.

அக்கா வெயிலை விட்டாள், குளத்தை விட்டாள். இருபது வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது புது மருந்து வந்திருக்கிறது. விசிலை நிறுத்தாது, செல்களின் காதைப் பொத்திவிடும். மாதம் ஒருமுறை டிரிப். இன்று முதல் டிரிப்புக்கு அவளோடு நானும் போனேன். மருந்து கலக்க நர்ஸ் உள்ளே போன நேரத்தில் அந்த ஸ்லைடு பற்றி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "நோய் வெளியில தெரியறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே தெரியுமா உனக்கு?"

"தெரியும்னும் சொல்ல முடியாது. அதை வெச்சு மட்டும் அப்ப மருந்து குடுத்திருக்க மாட்டாங்க. ஆனா கவனிச்சிருக்கலாம். வெயில்ல போகாதன்னாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்" என்றாள். அதில் கோபம் இருந்தது. இருக்கத்தானே வேண்டும். பிறகு கேட்டாள்: "பாக்க எப்படிடி இருந்துச்சு?"

"அழகா இருந்துச்சுக்கா. அவ்வளவு பச்சையை நான் அதுவரைக்கும் பாத்ததே இல்ல."

"எனக்கும் காட்டியிருக்கலாம்ல."

அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்துவிட்டார். அக்கா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி உரக்கப் பாட ஆரம்பித்தாள். ஒரு வரியும் ஒழுங்காக இல்லை. என் கையைப் பிடித்திருந்த அவள் உள்ளங்கை வேர்த்து நனைந்திருந்தது. அந்த நாள்களில் அவள் கையைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை, நான் ஊசியைப் பிடித்திருந்தேனே.

"அக்கா, உனக்கு ஊசின்னா பயமா?"

"சின்ன வயசுலேர்ந்து. உன்னைவிட மோசம்."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டின?"

பாட்டுக்கு நடுவிலேயே, ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டுவிட்டேன் என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"நீ கேட்டியேடி."