பஞ்சுவுக்குக் கிடைத்த அனுமதி

படைப்பிரிவில் அவளைப் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆம்புலன்ஸில் முதலுதவி பார்ப்பவள். சட்டைப் பையில் எந்நேரமும் பஞ்சு இருக்கும். அடிபட்டவனுக்குக் கட்டுப்போட்டு, உயிரைப் பிடித்துவைத்து, ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பாள். நர்ஸ்கள் ஸ்ட்ரெச்சரை வாங்கிக்கொண்டு உள்ளே போவார்கள். கதவு சாத்திக்கொள்ளும். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று இவளுக்கு யாரும் சொல்வதில்லை.

அந்தக் கதவைத் தாண்ட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பணியில் இருப்பவர்கள் படித்தால் செலவை ராணுவமே ஏற்கும் என்று ஒரு திட்டம் இருந்தது. நகரத்துக் கல்லூரியில் நர்சிங் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. பிரிவின் வேலை கெடாது என்று கமாண்டர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கமாண்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

"வாரத்துல ரெண்டு நாள் நீ கிளாஸுக்குப் போயிட்டா, இங்க எவனாவது அடிபட்டு விழுந்தா யாரு பார்க்கிறது? நான் போய் விசிறிவிடட்டுமா?"

"வேற ஆள் கேட்டு வாங்கலாமே சார்."

"கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. போம்மா, அடுத்த வருஷம் பார்ப்போம்."

போன வருடமும் இதையேதான் சொல்லியிருந்தார்.

அன்று மாலை கணவனுக்கு போன் செய்தாள். அவன் அச்சகத்தில் வேலை பார்ப்பவன். பின்னால் மெஷின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குல்ல?" என்றான்.

"இருக்கு. அதான் எரிச்சலா வருது."

"அப்போ விட்டுடப் போறியா?"

"நீங்க வேற. ஆள் இல்லேங்கிறதுதானே அவர் பிரச்சினை? ஆளை நானே உண்டாக்கிட்டுப் போறேன்."

மறுநாளே ஆம்புலன்ஸ் டிரைவர்கள் இருவரையும் பிடித்துக்கொண்டாள். ஒருவன் நெட்டை, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்வான். இன்னொருவன் மீசை. ஆள்தான் மலைபோல இருப்பான். ரத்தத்தைப் பார்த்தால் கண் இருண்டுவிடும்.

"அக்கா, எனக்கு ஸ்டியரிங் பிடிக்க மட்டும்தான் வரும். ஆளை விடுங்க."

"ஸ்டியரிங் மட்டும் பொறக்கும்போதே தெரிஞ்சுதா? உட்காரு."

வண்டிகளைக் கழுவி முடித்த பிறகு தினமும் பாடம் நடந்தது. ரத்தத்துக்குப் பதிலாக அவள் கலக்கி வைத்த சிவப்புச் சாயத் தண்ணீரைப் பார்த்தே மீசை முதல்நாள் சுவரோடு சாய்ந்துவிட்டான். அவள் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. சமையல்காரர் கையை வெட்டிக்கொண்டு ஓடிவந்த அன்று, மீசையே முந்திப்போய்க் காயத்தை அழுத்திப் பிடித்தான். முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது.

அதைப் பார்த்த கையோடு அவள் கமாண்டர் முன் போய் நின்றாள். "நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்."

அவர் மைதானத்தில் ஒரு சிப்பாயைப் படுக்கச் சொன்னார். டிரைவர்களைக் கூப்பிட்டார். "இவனுக்குத் தொடையில ரத்தம் கொட்டுது. பஞ்சு, நீ வாயே திறக்கக் கூடாது."

நெட்டை பதற்றத்தில், ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டையைக் காயத்துக்குக் கீழே கட்டப் போனான். அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மீசை அவன் கையைத் தட்டிவிட்டு, "மேலடா, மேல" என்று பட்டையை ஏற்றி முறுக்கினான்.

"யோவ், போதும்யா, கால் செத்துப்போச்சு" என்று கீழே கிடந்தவன் முனகினான்.

கமாண்டர் குனிந்து பட்டையை இழுத்துப் பார்த்தார். "சரி, போயிட்டு வா. ஆனா ஒரு பாடத்துல தவறினாலும் செலவு உன் தலையில விழும், தெரியும்ல?"

"தவற மாட்டேன் சார்."

மீசை தொண்டையைக் கனைத்தான். "சார், அந்தத் திட்டம் டிரைவருக்கும் உண்டா? மெக்கானிக் படிப்பு ஒண்ணு..."

கமாண்டர் அவளை முறைத்தார். "பார்த்தியா? இப்ப இவனுக்கும் ஒரு ஆளைத் தயார் பண்ணு."

தயார் பண்ணிக்கொண்டேதான் அவள் படித்தாள். முதல் பரீட்சையில் ஒரு பாடத்தில் மயிரிழையில்தான் தப்பித்தாள்.

"எப்படியோ பாஸாயிட்டியே" என்றான் கணவன் போனில்.

"எப்படியோ எல்லாம் இனி ஆகாதுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, கல்லூரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எலும்புகளின் பெயர்களை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.